எண்பத்துமூணாம் வருஷத்துக் கூடை

அந்த எண்ணெய் கேன் என்ன விலைக்கு வாங்குனீங்க தம்பி? அஞ்சு லிட்டர்தானே? செக்கு எண்ணெயா? ஆயிரத்து நூறா! பரவாயில்லையே, அறந்தாங்கில சல்லிசாத்தான் குடுக்குறான். திருச்சியில இதே எண்ணெய் ஆயிரத்து இருநூத்தம்பதுக்குக் குறைஞ்சு கிடையாது. காலுக்கு நடுவுல நல்லா இடுக்கி வைங்க. கீரனூர் பக்கம் ரோடு போட்டுக்கிட்டு இருக்கான், தூக்கித் தூக்கிப் போடும்.

உக்காந்ததும் உக்காராததுமா விலை கேக்குறானே கிழவன்னு நினைக்காதீங்க. என் உத்தியோகமே அதுதான். முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்கத்துல விலைவாசி எடுத்தவன் நான். பேரு சிதம்பரநாதன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்குப் பையை மாட்டிக்கிட்டுக் கடை கடையாப் போவேன். வாங்குறதுக்கு இல்லை, கேக்குறதுக்கு. அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை, புளி என்ன விலை. கேட்டு, எழுதி, மேலே அனுப்பணும். அதையெல்லாம் கூட்டிப் பெருக்கித்தான் விலைவாசி இத்தனை புள்ளி ஏறுச்சுன்னு பேப்பர்ல போடுவாங்க. அதை வெச்சுத்தான் சம்பளக்காரனுக்கெல்லாம் பஞ்சப்படி. இப்ப அகவிலைப்படின்னு சொல்றாங்க. நாங்க பஞ்சப்படின்னுதான் சொல்லுவோம். ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் தவற விட்டதில்லை. என் தம்பி கல்யாணத்துக்குச் செவ்வாய்க்கிழமை மாலை வரவேற்புன்னாங்க, காலைல விலை எடுத்துட்டுத்தான் போனேன்.

இப்ப எல்லாரும் ஒண்ணு பேசுறாங்க பாருங்க, அந்தக் காலத்துல அரிசி கிலோ நாலு ரூபா, இப்ப அறுபத்திநாலு, நாடு எங்க போகுதுன்னு. போன்ல வேற அனுப்புறாங்க. அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அரிசி நாலு ரூபா, சரி. உன் சம்பளம் என்னய்யா? எண்பத்துமூணுல எனக்கு அறுநூத்தி எழுபது ரூபா. மொத்தத்துக்கும் அரிசி வாங்கினா நூத்தி அறுபத்தேழு கிலோ. இப்ப எனக்குப் பென்ஷன் இருபத்தெட்டாயிரம். நானூத்தி முப்பத்தேழு கிலோ வாங்கலாம். துவரம்பருப்பு அப்ப எட்டு ரூபா, எண்பத்துமூணு கிலோ வாங்கலாம். இப்ப நூத்தம்பது ரூபா, நூத்தி எண்பத்தாறு கிலோ வாங்கலாம். அப்ப விலை ஏறியிருக்கா, இறங்கியிருக்கா? யோசிங்க. வேலைல இருக்குறவனுக்கு இறங்கித்தான் இருக்கு. இதைச் சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான். எங்க தெரு டீக்கடைல என்னைக் கண்டாலே எந்திரிச்சுப் போயிடுறாங்க.

அப்ப உங்களுக்கு என்னதான் குறைன்னு கேக்குறீங்க. என் சம்சாரம் வீட்டை விட்டுப் போயிட்டா தம்பி. மூணு மாசம் ஆச்சு. அறந்தாங்கில மக வீட்டுல இருக்கா. இன்னைக்குக் காலைல முதல் பஸ் பிடிச்சு, அவளைக் கூட்டிட்டு வரத்தான் போனேன். பாருங்க, பக்கத்துல யாரு உக்காந்திருக்கா? நீங்கதான் உக்காந்திருக்கீங்க.

அறுபத்திமூணு வயசுல ஒருத்தி கோவிச்சுக்கிட்டுப் போவாளா? எல்லாம் இந்த மளிகைச் சாமான் பிரச்சனைதான். வெளியில சொன்னா சிரிப்பாங்க.

நான் அவளுக்கு அநியாயம் பண்ணலை. அதை முதல்ல சொல்லிடுறேன். எண்பத்துமூணு ஆவணில கல்யாணம். புரட்டாசி ஒண்ணாந்தேதி ரெண்டு பேரும் உக்காந்து ஒரு லிஸ்ட் போட்டோம். அரிசி பதினெட்டுக் கிலோ, துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ஒண்ணரை, கடலை எண்ணெய் ஒண்ணரை லிட்டர், புளி ஒரு கிலோ, மிளகாய் முக்கால், சர்க்கரை ரெண்டு, காப்பித்தூள் அரைக் கிலோ, விறகு, பால், காய். எல்லாம் சேர்த்து இருநூத்தி முப்பத்தேழு ரூபா அறுபது பைசா. அவ பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாச் சொன்னா, நான் எழுதினேன். புதுசாக் கல்யாணம் ஆனவ, வெக்கத்துல கொஞ்சம் கம்மியாத்தான் சொல்லியிருப்பா போலிருக்கு. அது எனக்கு இப்பத்தான் தோணுது.

எங்க உத்தியோகத்துல இதுக்குப் பேரு கூடை. நூறு இருநூறு குடும்பத்தைக் கேட்டு, சராசரிக் குடும்பம் மாசம் என்னென்ன வாங்குது, எவ்வளவு வாங்குதுன்னு ஒரு லிஸ்ட் போடுவாங்க. அது அடிப்படை ஆண்டுக் கூடை. அதுக்கப்புறம் அதுல கை வைக்கக் கூடாது. அதே கடை, அதே தரம், அதே எடை. விலை மட்டும்தான் மாறும். ஒரு சாமான் கடைக்கே வராமப் போச்சுன்னா அதுக்கு மாத்து போடலாம். புதுசா ஒண்ணைச் சேர்க்கக் கூடாது. நீ பாட்டுக்குச் சேர்த்துக்கிட்டே போனா நேத்தையும் இன்னைக்கையும் எப்படி ஒப்பிடுவே? இதை எனக்குச் சொல்லிக் குடுத்த மேலதிகாரி மேஜையில தட்டித் தட்டிச் சொன்னார். ரத்தத்துல ஊறிப்போச்சு.

அதையே வீட்டுலயும் பண்ணினேன். மாசாமாசம் அந்த லிஸ்ட்டை எடுத்து, அந்த மாச விலையைப் போட்டு, கூட்டி, பைசா சுத்தமா மரகதம் கைல குடுப்பேன். எங்க வீட்டு மரகதம் வாய் திறந்து கேட்டதே இல்லை. கேக்க வெச்சாத்தானே? மத்தவன்லாம் சம்சாரம் சண்டை போட்டாத்தான் அம்பது ரூபா கூட்டுவான். நான் புளி கிலோவுக்கு எட்டணா ஏறினாலும் அன்னைக்கே எட்டணா கூட்டிடுவேன். தொண்ணூத்தெட்டுல வெங்காயம் ஏறுச்சே, ஊரே அழுதுச்சே, எங்க வீட்டுல மட்டும் வெங்காயத்துக்கு உண்டான காசு வெங்காயத்துக்கு இருந்துச்சு. விறகு போய் கேஸ் வந்தப்ப மாத்து போட்டேன். ஒவ்வொரு மாசத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பதினோரு நோட்டு. இந்தா, மேல அந்தப் பை தெரியுதுல்ல, அதுக்குள்ளதான் இருக்கு.

மிச்சம் பிடிச்சேன், ஒத்துக்குறேன். அதுலதான் திருச்சி பாலக்கரைல வீடு கட்டினேன். பொண்ணு சுகந்திக்கு நாப்பது பவுன் போட்டேன். பையனை இன்ஜினியர் ஆக்கினேன். பீஸு, துணிமணி, மருந்து எதுலயும் குறை வெச்சதில்லை. அதெல்லாம் வேற தலைப்பு.

சரி, சண்டைக்கு வரேன்.

எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி சிக்கந்தர் பாய் மளிகைக்கடை. நான் வாராவாரம் விலை எடுத்த கடைல அதுவும் ஒண்ணு. தங்கமான மனுஷர். விலை கேட்டா மறைக்க மாட்டார். இந்த ஆடியில கடையை மூடிட்டு மகன்கிட்டப் போறேன்னார். சொல்லிட்டு வரலாம்னு போனேன். டீ வாங்கிக் குடுத்தார். பேச்சு பேச்சா இருக்குறப்ப சொல்றார், "சார், எவ்வளவோ சாமான் வித்தேன். உங்க வீட்டு இட்லி மாவு மாதிரி ஒண்ணு ஓடினதில்லை. அது நின்ன பிறகு கடைக்குக் காலைக் கூட்டமே போச்சு."

எனக்கு ஒண்ணும் புரியலை. எங்க வீட்டு மாவாய்யான்னேன். மனுஷர் முகம் செத்துப்போச்சு. "சாருக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்"ங்குறார்.

பதினாலு வருஷம் தம்பி! தொண்ணூத்தாறுல இருந்து பையன் வேலைக்குப் போற வரைக்கும். நான் ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினா, ஒன்பதே காலுக்கு இவ பின் வீட்டு அம்மா கிரைண்டர்ல போய் ஆட்டியிருக்கா. பாக்கெட்டுல ஊத்தி, பாய் கடைக்கு அனுப்பியிருக்கா. எனக்குத் தெரியாம. கட்டின புருஷனுக்குத் தெரியாம.

அதாவது போகட்டும். அந்த மாவுக்கு நான் விலை எடுத்திருக்கேன்! பாக்கெட் மாவு நல்லாப் போகுது, இதையும் கவனிச்சு வைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பாய் கடைல ஒவ்வொரு செவ்வாயும் கேட்டு எழுதியிருக்கேன். என் வீட்டுச் சரக்குக்கு நானே விலை எழுதினேன்னு எவனாவது மேல எழுதிப் போட்டிருந்தா என் கதி என்ன? பென்ஷன் நின்னிருக்கும். இன்னும் கேளுங்க. ஒரு தடவை பாய் கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏத்தினார். நான் சும்மா இருக்கலை. "என்ன பாய், ஏழை ஜனம் காலைல ரெண்டு இட்லி சாப்பிடுறது உங்களுக்குப் பொறுக்கலையா? உளுந்து விலை ஏறலை, மாவு விலை ஏன் ஏறணும்?"னு கேட்டேன். பாவம், அரசாங்க ஆள் கேக்குறானேன்னு பயந்து அடுத்த வாரமே இறக்கிட்டார். நாலு வருஷம் ஏத்தவே இல்லை. அப்ப எனக்கு அது பெரிய பெருமை. ஜனங்களுக்கு ஒரு நல்லது பண்ணிட்டேன்னு சம்சாரத்துக்கிட்டயே சொன்னேன் தம்பி. தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. இன்னொரு தோசை வேணுமான்னு கேட்டா.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து கத்தினேன். ஆமா, கத்தத்தான் செஞ்சேன். மானம் போச்சுன்னேன். நான் குடுத்தது பத்தலைன்னு ஊர்ல மாவு வித்தியா, நான் என்ன சம்பாதிக்காதவனான்னேன். அவ ரொம்ப நேரம் நின்னு கேட்டா. அப்புறம், "முடிஞ்சிருச்சாங்க?"ன்னா. முடிஞ்சிருச்சுன்னேன். மறுநாள் நான் நடைப்பயிற்சி முடிச்சு வர்றப்ப வீடு பூட்டியிருக்கு, சாவி எதிர் வீட்டுல. ரெண்டு வேளைக்குச் சாப்பாடு செஞ்சு மூடி வெச்சுட்டுத்தான் போயிருந்தா.

கோவம் தணிஞ்சு வந்துடுவாள்னு பார்த்தேன். வரலை. போன் பண்ணினா எடுக்குறதில்லை. நானே பொங்கிச் சாப்பிடுறேன். ஒத்த ஆளுக்குச் சமைக்குறது இருக்கே, அது ஒரு கொடுமை தம்பி. கால் கிலோ பருப்பு வாங்கிப் போட்டா ரெண்டு வாரம் கிடக்குது. சாயங்காலம் அஞ்சு மணியானா வீடு கொல்லுது. டிவியை சத்தமா வெச்சுட்டு அடுப்படியில உக்காந்திருப்பேன். அவ இருந்தப்ப அந்தப் பக்கமே போகாதவன் நான்.

அதான், நியாயத்தைப் பேசித் தீர்த்துடலாம்னு நோட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு இன்னைக்குப் போனேன். நான் ஒரு மாசம்கூடக் குறைச்சுக் குடுத்ததில்லை, விலை ஏற ஏறக் கூட்டித்தான் குடுத்தேன், அதுக்கு ஆதாரம் இருக்கு. அதைக் காட்டினா அவளே தப்பை உணர்ந்துடுவாள்னு நினைச்சேன். நியாயம்தானே?

போய் உக்காந்தேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டார். சுகந்தி காப்பி குடுத்தா. மரகதம் வந்து, "வாங்க"ன்னா. அவ்வளவுதான். நிலைக்கதவுகிட்ட நின்னுக்கிட்டா. கொஞ்சம் சதை போட்டிருந்தா மூணு மாசத்துல. நான் நோட்டைப் பிரிச்சு, எண்பத்துமூணு புரட்டாசில இருந்து வாசிச்சேன். சுகந்தி பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே வந்தவ, சட்டுனு கேட்டா, "அப்பா, இந்த லிஸ்ட்டு எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு"ன்னேன்.

"எண்பத்தஞ்சுல நான் பொறந்தேன். எண்பத்தொம்பதுல தம்பி. எங்களை எந்த நோட்டுல சேர்த்தீங்க?"

நான் பொறுமையா விளக்கினேன். கூடையை மாத்தக் கூடாதும்மா, புதுசாச் சேர்த்தா ஒப்பீடு கெட்டுப்போயிடும்னு. விளக்கிக்கிட்டு இருக்குறப்பவே எனக்கு வாய் குழறுது. அவ அழுதுட்டா. "அம்மா தினம் ரெண்டு உலை வெச்சாங்கப்பா. சின்ன உலையில பொன்னி அரிசி, உங்களுக்கு. பெரிய உலையில ரேஷன் அரிசி, எங்களுக்கு. நாங்க சாப்பிட்டு அடியில என்ன கிடக்குதோ அது அம்மாவுக்கு. கிடந்தா. இல்லைன்னா வடிச்ச கஞ்சி. மாவு விக்க ஆரம்பிச்ச பிறகுதான் நாங்க மூணு பேரும் ஒரே சோறு சாப்பிட்டோம்."

நான் என்னத்தைக் கண்டேன் தம்பி? என் தட்டுல ஒருநாளும் குறைஞ்சதில்லை. நான் எழுந்த பிறகுதான் அவங்க உக்காருவாங்க. எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை, "பத்தலைங்க"ன்னு? நான் என்ன ராட்சசனா? நான் மரகதத்தைப் பார்த்து, "ஏன் சொல்லலை?"ன்னு கேட்டேன். அவ சொன்னா, "முதல் மாசம் பத்தலைன்னு சொன்னேன். விலை ஒண்ணும் ஏறலையேன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. சத்தியமா இல்லை. ஆனா சொல்லியிருப்பேன். நான் சொல்ற மாதிரிதான் இருக்கு.

சுகந்தி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சாப்பிடலாம் வாங்கப்பா. அம்மா, நீயும் அப்பாகூட உக்காரு"ன்னா. அவ மாட்டேன்னுதான் சொன்னா. மக கையைப் பிடிச்சு உக்கார வெச்சா. எனக்கு எதிர்ல உக்காந்தா. நெத்திலிக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். நாப்பத்திரெண்டு வருஷத்துல அவ சாப்பிட்டு நான் பார்த்ததில்லை தம்பி. கல்யாணப் பந்தியில பார்த்திருப்பேன், அது கணக்கில்லை. முதல்ல கொஞ்சமா வாங்கினா. அப்புறம் சுகந்தி போடப் போட, வேண்டாம்னு சொல்லலை. ரெண்டாந்தடவை வாங்கினா. மூணாந்தடவை ரசத்துக்கு வாங்கினா. வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டா. பசிச்சவங்க சாப்பிடுற மாதிரி.

என் சோத்தை விட்டுட்டு அவளையே பார்த்துக்கிட்டு இருந்தேன். சந்தோஷம்தான். சந்தோஷமும், வேற என்னமோவும். இவளுக்கு இவ்வளவு வேண்டியிருந்திருக்கே, எனக்குத் தெரியலையேன்னு. அங்கேயே முடிவு பண்ணிட்டேன் தம்பி. கூடையை மாத்திடுறது. பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு, இந்த வருஷத்தையே புது அடிப்படை ஆண்டா வெச்சு, அவ சொல்ல நான் எழுதுறது. அவளுக்கு என்ன வேணுமோ, எவ்வளவு வேணுமோ. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன்.

வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "மரகதம், இப்படிச் சாப்பிட்டா நமக்கு மாசம் முப்பது கிலோ ஆகும் போலிருக்கே."

அவ கை நின்னுடுச்சு. வாய்க்குக் கொண்டுபோன சோத்தை அப்படியே தட்டுல போட்டா. கோவப்படலை. கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். என்னையே பார்த்துட்டு, மெதுவாச் சொன்னா, "இன்னைக்குத்தாங்க பயமில்லாம மறுசோறு வாங்கினேன். அதையும் எண்ணிட்டீங்களா?"

எந்திரிச்சுக் கையைக் கழுவினா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளியில நின்னு சொன்னேன், மரகதம், நான் கூட்டித் தரேன்னுதான் சொல்ல வந்தேன், அளவு தெரிஞ்சாத்தானே கூட்ட முடியும், குறைக்குறதுக்குக் கேக்கலை, கூட்டுறதுக்குத்தான் கேட்டேன்னு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சுகந்திதான் வந்து, "மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்புங்கப்பா. இனிமே வராதீங்க. நோட்டையும் எடுத்துட்டுப் போயிடுங்க"ன்னா.

நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல வந்தது நல்ல விஷயம்தானே? விலை கேட்டே தேஞ்ச வாய் தம்பி இது. பாசமா ஏதாவது பேசுன்னா இதுக்குத் தெரியலை. இனிமே கத்துக்குற வயசும் இல்லை. அவளும் இனி வர மாட்டா. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தக் கதவு சாத்தின விதத்துலயே தெரிஞ்சுபோச்சு.

டோல்கேட் வந்துடுச்சு, நான் இறங்கணும். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, கனமா இருக்கும். என்ன? அந்த அம்மா சரியாவே சாப்பிடாம எழுந்துட்டாங்களான்னு கேக்குறீங்களா?

ஆமா தம்பி. தட்டுல நாலு பிடி சோறு மிச்சம் இருந்துச்சு. நான் எண்ணலை. சத்தியமா எண்ணலை.